கைப்பிடிச் சுவர்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நேந்திரம்பழச் சீப்பை வைத்த டெனிலுக்கு, சதானந்தனின் மாவுக்கட்டுப் போட்ட காலைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் விழுந்தது டெனில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து.

"வேதத்துல உபாகமம் வாசிச்சதுண்டா மக்கா?" என்று முனகினார் சதானந்தன். "புதுவீடு கெட்டினா மாடிக்குக் கைப்பிடிச் சுவரு வைக்கணும். இல்லேன்னா விழுந்தவனுக்க ரெத்தப்பழி வீட்டுக்காரனுக்க தலையிலயாக்கும்."

"வாசிச்சதுண்டு அண்ணா. ரப்பர் ஷீட்டு காயப்போட எடம் பத்தாதுன்னு..."

"மனுசனுக்க உயிரவிட ஷீட்டாக்கும் உனக்கு வலுது!"

டெனில் கூனிக் குறுகிப்போனான். அம்பூரியில் வீடு கட்டும்போது கொத்தனாரும் இதற்குத்தான் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"தப்புதான் அண்ணா. இந்த மாசமே கெட்டிடுதேன்."

"மாடிப்படியில ஒரு லைட்டும் போடு. இருட்டுல காலு வைக்க எடம் தெரியல்ல."

"அதும் போடுதேன்."

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற டெனிலின் மனைவி லிஜாவுக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மாடியில உங்களுக்கு என்ன வேலன்னும் சொல்லுங்க!"

சதானந்தன் முகத்தை மூடக் கையைத் தூக்கினார். கட்டில் கம்பியோடு பூட்டியிருந்த விலங்கு விடவில்லை. காவலுக்கு இருந்த போலீஸ்காரர் செய்தித்தாளை மடித்தார்.

"சுருட்டின ஷீட்டு நாப்பதும் இவருக்க தோளில இருந்துது. பாரம் தாங்காம சரிஞ்சிற்றாரு."

"களவு செய்யாதேன்னும் வேதத்துல உண்டே?" என்றாள் லிஜா.

"அது வேற அதிகாரம் மக்கா," என்றார் சதானந்தன். "மொதல்ல சுவரு முடியட்டு."