கைக்கு வந்தவர்

"வாடகைக்கு எடுத்த மெஷின்மா இது. நீங்க விலைக்கு வாங்கல. உள்ளே இருக்கிற புரோகிராமைக் கேட்க உங்களுக்கு உரிமை இல்ல" என்றார் வாஹித் பாஷா. ராணிப்பேட்டையில் மருத்துவக் கருவிகளை வாடகைக்கு விடும் கம்பெனியின் மேனேஜர் அவர்.

ஃபீபி மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஆம்பூரில் கம்ப்யூட்டர் டீச்சர். பொடி எழுத்தெல்லாம் படித்துப் பழக்கம்.

"லைசென்ஸ்ல வாங்கினவங்கன்னு போடல சார். இந்தப் புரோகிராம் யார் கைக்கு வருதோ, அவங்க அதை எழுதின விதத்தைக் கேட்டு வாங்கலாம், மாத்தலாம், மாத்தினதை அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்னு போட்டிருக்கு. முப்பதாம் தேதி வரைக்கும் மெஷின் எங்க கையிலதான இருக்கு?"

"அதுல கை வச்சு ஏதாவது ஆனா எனக்குத்தான் பேஜாரு. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும்னுதான எடுத்தீங்க?"

"தெரியும் சார். ஆனா பெத்த பொண்ணுகிட்ட யாராவது இங்கிலீஷ்ல பேசுவாங்களா?"

தொண்டையில் புற்றுநோய் வந்து, அவள் அப்பா தானியேலுக்குக் குரல்வளையை எடுத்திருந்தார்கள். தட்டினால் பேசும் பெட்டியை அப்போதுதான் வாடகைக்கு எடுத்தாள். ஸ்கூல் விட்டு அவள் வந்ததும் 'சாப்டியாம்மா' என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார். பெட்டி அதை 'சேப்டியேமே' என்று வெள்ளைக்காரத் துரை மாதிரி சொல்லும். முதல் நாள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர் தட்டுவதையே விட்டுவிட்டார்.

வாஹித் பாஷா அவள் முகத்தைப் பார்த்தார். மெட்ராஸ் ஆபீசுக்குப் போன் போட்டார். நெடுநேரம் பேசிவிட்டு வைத்தார்.

"நீ சொல்றதுதான் சரின்னு சொல்றாங்கம்மா. புரோகிராம எழுதின விதத்தை சி.டி.ல போட்டு அனுப்புறாங்களாம்."

மூன்று வாரம் ஃபீபி வேறு எதையும் நினைக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பதிவு செய்ததில் தொண்டை கட்டிப்போனது. 'ழ' மட்டும் இரண்டு நாள் படுத்தியது.

முப்பதாம் தேதி பெட்டியைக் கொண்டுவந்து வாஹித் பாஷாவின் மேஜைமேல் வைத்தாள். பட்டன்கள்மேல் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது.

"நீங்களே தட்டுங்க சார்."

அவர் ஒரு விரலால் தேடித் தேடித் தன் பெயரைத் தட்டினார்.

"வாஹித் பாஷா" என்றது பெட்டி, கணீரென்று.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுபடி தட்டினார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"எல்லாம் சரிம்மா. அப்பாவுக்குப் போய் பொம்பளக் குரல் வச்சிருக்கியே? உன் குரலாச்சே இது?"

ஃபீபி தலையாட்டினாள்.

"பரவால்ல, பொண்ணு குரல்ல பேசினா அவருக்கும் சந்தோஷம்தான். இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிச்சு எழுதிடட்டுமா?"

"வேணாம் சார். திருப்பிக் குடுக்கத்தான் வந்தேன்."

"ஏம்மா? இப்பதான தமிழ் பேச ஆரம்பிச்சிருக்கு?"

ஃபீபி பெட்டியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"அப்பா தவறி நாப்பது நாள் ஆச்சு சார். ஆஸ்பத்திரியில அவருக்குப் பக்கத்து வார்டுல இருந்த, அணைக்கட்டு ஊர் மீனாம்பாள் அக்காவுக்கு வர்ற திங்கக்கிழமை குரல்வளைய எடுக்குறாங்க... அவங்களுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும்."