ஆறுச்சாமி நீட்டிய கை

“ஏனுங்ணா, ஊசி போட்டா வலி போகும்பாங்க. உங்களுக்கு வலி வந்திருக்குதே!”

உக்கடம் ஆட்டோ ஸ்டாண்டில் இல்யாஸ் இப்படிக் கேட்டதும் ஆறுச்சாமி சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. நேற்று ஊசி குத்திய மணிக்கட்டு வீங்கிச் சிவந்து, விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

“மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் தம்பி. திங்கக்கிழமை பாரு, மில்லு பஸ்ஸை எப்படி ஓட்டிக் காட்டறேன்னு!”

பதினெட்டு வருஷமாக ஆட்டோ ஓட்டும் மனிதர். காரமடைப் பக்கத்து மில் ஒன்றில் பஸ் டிரைவர் வேலை, மாசச் சம்பளத்தோடு, இப்போதுதான் கைக்கு எட்டியிருக்கிறது. திங்கட்கிழமை அதிகாரிகள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். வயது நாற்பத்தைந்து. இதை விட்டால் இன்னொரு மில் கூப்பிடப் போவதில்லை.

பாழாய்ப்போன கை, ஆறு மாதமாக மரத்து மரத்துப் போனது. யாரிடமும் மூச்சு விடாமல் சமாளித்தவர், வேறு வழியில்லாமல் போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனார். மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நெருக்குகிறது, ஒரு ஊசியில் சரியாகிவிடும் என்று டாக்டர் கோமளா சீட்டு எழுதிக் கொடுத்தார். நேற்று ஊசி போட்டது பெரிய டாக்டர்.

“இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்ணா. இந்தக் கைய வெச்சுக்கிட்டு எப்படி ஸ்டியரிங் புடிப்பீங்க? ஏறுங்க, போய் நாலு வார்த்தை கேட்டுப்போட்டு வரலாம்.”

இல்யாஸ் தன் ஆட்டோவிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம், தப்பாகக் குத்திவிட்டார்கள் என்று புலம்பினான்.

“சும்மா இருப்பா! பெரிய டாக்டரு தங்கமான மனுசன். அத்தனை கூட்டத்துலயும் ஒரே நிமிசத்துல போட்டுட்டாரு. நானும் அவரு சொன்னபடி மரியாதையா நடந்துக்கிட்டேன். அப்புறம் எங்கிருந்து தப்பு வரும்?”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டோக்கனை நீட்டினாள். ஆறுச்சாமி வலிக்கிற கையாலேயே அதை வாங்கி, “ஸ்ஸ்… அப்பா!” என்று பல்லைக் கடித்தார்.

“அந்தக் கையிலதான் வாங்கோணுமா?” என்று இல்யாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

கோமளா வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தார்.

“பயப்படாதீங்க. இந்த ஊசி சில பேருக்கு ரெண்டு நாள் இப்படித்தான் வலிக்கும். ஐஸ் ஒத்தடம் குடுங்க, தானா அடங்கிரும்.”

“நாந்தான் சொன்னனே!” ஆறுச்சாமி வெற்றியோடு இல்யாஸைப் பார்த்தார்.

“சரி, மரத்துப்போறது இப்ப எப்படி இருக்குங்க?”

“அது அப்படியேதானுங்க இருக்குது. மருந்து இன்னும் அங்க போய்ச் சேரலைன்னு நெனைக்கிறனுங்க.”

“எங்க போய்ச் சேரலை?”

கோமளாவின் முகம் மாறியது. அவசரமாகப் பழைய சீட்டைத் தேடி எடுத்தார். சீட்டைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் சீட்டைப் பார்த்தார்.

“ஆறுச்சாமி, உங்களுக்கு மரத்துப்போறது கியர் போடற கைதானே? இடது கை?”

“ஆமாங்க டாக்டரம்மா.”

“அப்புறம் ஊசி எப்படிங்க வலது கையில விழுந்துச்சு?”

“போச்சு! திங்கக்கிழமைக்கு ரெண்டு கையும் இல்லையா!” என்று இல்யாஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

ஆறுச்சாமி மட்டும் அசரவில்லை.

“ஊசி எங்க போட்டா என்னங்க, காய்ச்சலுக்கு இடுப்புலதானுங்களே போடறீங்க? அதுவுமில்லாம, அத்தனை பெரிய டாக்டரு ‘கைய நீட்டு’ன்னு சொல்றப்ப, அவருக்குப் போய் எடது கையவா நீட்டறது?”