குமிழி வராத பீப்பாய்

"என் பீர் செத்துப்போச்சுடா!" என்று வாசலில் பனிக்காலணியைக் கழற்றியபடியே புலம்பினான் பக்கத்துப் பண்ணை ஹால்வர்.

"ஈஸ்ட் முழிச்சுக்கணுமே, நம்ம ஊரு வழக்கப்படி அதை ஊத்துறப்ப கத்தினியா?" என்று கேட்டேன்.

"இந்த வோஸ் ஊரே அதிர்ற மாதிரி கத்தினேன். பீப்பாய் மூடியில சொருகின குழாயில ஒரே ஒரு குமிழியாவது வரணுமே? ம்ஹூம்! எல்லாத்தையும் சாக்கடையில கொட்டப்போறேன்."

"அவசரப்படாதே."

"ஒரே ஆறுதல், வீட்டுலயும் சத்தமில்ல. கல்யாண நாளை மறந்துட்டு, அன்னிக்குப் பார்த்து போர்கில்டோட ஜாம் அண்டாவுல பீர் காய்ச்சினேன். அவ ஒரு வார்த்தை கேக்கலையே! என் பொண்டாட்டி திருந்திட்டாடா!"

நான் பலமாக இருமினேன். அவன் கண்டுகொள்ளவில்லை.

"குமிழி வரலைன்னா உள்ள பொங்கலைன்னு யாரு சொன்னா?" என்றேன். "மூடியில இடுக்கு இருந்தா காத்து அந்த வழியாப் போயிடும். உள்ள பொங்குறது பொங்கிக்கிட்டேதான் இருக்கும். பேசாம இப்பவே வீட்டுக்குக் கிளம்பு."

ஹால்வரின் முகம் மலர்ந்தது. "அட, ஆமா! மூடி கொஞ்சம் ஆடத்தான் செய்யுது. என் பீப்பாயைப் பார்க்காமலே எப்படிடா கண்டுபிடிச்சே?"

"நான் பீப்பாயைச் சொல்லலை," என்றேன் மெதுவாக.

அடுக்களைக் கதவு படாரென்று திறந்தது. தினமும் சாயங்காலம் என் மனைவியிடம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் போர்கில்டு, கையில் காபிக் கோப்பையோடு நின்றாள்.

"யாரு திருந்திட்டா?" என்றாள்.