முடியாது என்று சொன்ன வேட்பாளர்

மார்க்கெட் வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள்.

பாத்திரக்கடைக்காரர் யார் என்ன கேட்டாலும் தலையாட்டினார். மீன் விற்கிறவர்களிடம், "வாசல்லயே உங்களுக்கு இடம் வாங்கித் தர்றேன்" என்றார். நாற்றம் தாங்கவில்லை என்று துணிக்கடைக்காரர்கள் மூக்கைப் பிடித்ததும், "மீன்கடைகளைப் பின்னாடி தள்ளிடலாம்" என்றார்.

தையல்காரர் நேர் எதிர். "வாசல்ல இடமில்லை, என்னால முடியாது" என்று மீன்காரர்களிடமே சொன்னார். துணிக்கடைக்காரர்களிடம், "அவங்களும் பொழைக்கணும். நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்றார்.

ஓட்டுக் கேட்கிற லட்சணமா இது என்று மார்க்கெட்டே சிரித்தது.

ஓட்டுகளை எண்ணியபோது தையல்காரர் அமோகமாக ஜெயித்திருந்தார். மீன்கார அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க முகத்துக்கு நேரா உண்மையைச் சொன்ன ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றாள்.

தையல்காரர் வீடு திரும்பினார். கூடத்தில் பாத்திரக்கடைக்காரர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். அவர் தையல்காரருடைய மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

"போட்டியே இல்லாம ஜெயிச்சா மதிப்பில்லைன்னுதானே மச்சான் உங்களை நிக்கவெச்சேன்? தோத்துடுறேன்னு சொன்னீங்களே."

"தோக்கணும்னுதான் மாப்ள மார்க்கெட் முழுக்கப் பகைச்சுக்கிட்டேன்."

உள்ளே தையல்காரரின் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது.

"சரி, நாளைக்கே ராஜினாமா பண்ணிடுங்க."

தையல்காரர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"நான் உண்மை பேசுற ஆளுன்னு அந்த மீன்காரம்மா நம்பிட்டாங்க மாப்ள. அதைப் பொய்யாக்க எனக்கு மனசு வரல."