நான்காம் வெளியீட்டின் சான்று

முதல் வெளியீட்டில் கிழட்டுக் கணினி வீராயிக்குக் கேமரா குருடானது. இரண்டாவதில் பிரின்டரோடு இருந்த உறவு அறுந்தது. மூன்றாவதில் தூங்கியவள் எழவே படாதபாடு பட்டாள். எல்லாம் ஊர்கூடி எழுதிய, யாரும் திறந்து பார்க்கக்கூடிய திறந்த மூல இயங்குதளத்தின் வெளியீடுகள். மூன்று முறையும் "சோதித்தாயிற்று" என்று குத்தியது ரப்பர் முத்திரைதான்.

நான்காவதும் வந்து நின்றது. இதிலும் படுத்தால் வீராயிக்குக் காயலான் கடைதான்.

"நில்லுடா! யார் சோதிச்சது? சான்றைக் காட்டு" என்று வழிமறித்தாள்.

முத்திரை இளித்தது. "கண்ணு போயும் கிழவிக்கு வாய் போகலையே! எல்லாம் ஓடும்னு நான் சொன்னதுமே நல்ல சகுனம் கேட்டுச்சு, குத்திட்டேன்."

"சகுனமா? சான்றுக் கோப்பு எல்லாருக்கும் திறந்ததுதானே? மவுஸும் கீபோர்டும் சாட்சி. சோதித்தவர் பேரை உரக்கப் படி."

முத்திரை மையை விழுங்கிக்கொண்டு படித்தது:

"சுவர்ப்பல்லி."