அணையாத சிட்டு

கண்ணுகளா, அந்தக் காலத்தில் கொடைக்கானல் தோட்டங்களில் பூவுக்குப் பூ மகரந்தம் சேர்ப்பதெல்லாம் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும் ஓசனிச்சிட்டு என்ற குட்டிப் பறவையைப் போலச் செய்த எந்திரச் சிட்டுகள்தான். அவற்றைப் பழுது பார்க்கும் ஃபிலோமினாவின் கடைக்கு, தோட்டக்காரர் முத்திருளாண்டி ஒரு சிட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"விடிஞ்சா ஐஸ் மாதிரி கெடக்குதும்மா. வெயில் ஏறிட்டா, ஒரு பூவக்கூட விட்டுக் குடுக்காம மத்த சிட்டையெல்லாம் அடிச்சு வெரட்டுது. வயித்தத் தொறந்து சரிபண்ணிக் குடு."

ஃபிலோமினா திருப்புளியை எடுத்தாள். சிட்டின் உடம்பில் எங்கே தேடியும் திருகாணியைக் காணோம். சரி, கீறித்தான் திறக்க வேண்டும் என்று ஒரு கையில் பிளேடை எடுத்து, மறு உள்ளங்கையில் சிட்டை இறுக்கிப் பிடித்தாள். கைச்சூடு ஏற ஏற அதன் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. கண்ணைத் திறந்த சிட்டு, அவள் கட்டைவிரலில் எச்சம் போட்டது.

அவள் பிளேடை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இது நெசச் சிட்டு. யாரோ வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து வளத்தது, கூண்டுலேர்ந்து தப்பிச்சு வந்திருக்கும். குளிருக்கு இப்படித்தான் வெறச்சுக் கெடக்கும். பூவுக்குச் சண்டை போடுறதும் அதோட கொணந்தான். நல்லவேள, கொன்னிருப்பேன்."

சிட்டு எழும்பி, முத்திருளாண்டியின் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்றது. அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இத எங்க அமுக்கினா அணையும்?"