கயித்துல வந்த பதில்

"ஏன்யா, மனுசனக் கட்டிப் போட்டிருக்கீரே, இது ஆஸ்பத்திரியா, மாட்டுத் தொழுவமா?"

கிரேசி சிஸ்டர் கேட்டதுல தப்பே இல்ல. பக்கத்துக் கட்டில் செபாஸ்டின் மணிக்கட்டுல கயிறு. மறுநுனி, கீழ உக்காந்திருந்த மச்சினன் ரொசாரி கையில.

"கட்டில்லேருந்து விழுந்துரக் கூடாதுன்னுதான் சிஸ்டர்"ன்னான் ரொசாரி.

நான் ஹார்பர்ல மூட்டை விழுந்து கால் ஒடிஞ்சு கெடந்தேன். கால்தான் ஒடிஞ்சுது, வாய் ஒடியல. வார்டுல யாரு பேசுனாலும் அப்பிடியே பேசிக் காட்டுவேன்.

"ஏலே ரொசாரி, ஏரல் சந்தையில ஆடு வாங்குனவன்கூட இப்பிடிப் பிடிச்சுக்கிட்டு உக்காரமாட்டான்ல."

அவன் கயித்தக் கையில இன்னொரு சுத்து சுத்திக்கிட்டான்.

செபாஸ்டினுக்கு இடுப்பெலும்புல புத்துநோய். தெனமும் காலையில அருமைநாயகம் டாக்டர் வந்து கேப்பாரு.

"வலி லேசா, நடுத்தரமா, கடுமையா? குத்துதா, எரியுதா? நீரு சொன்னாத்தான் அதுக்கேத்த மருந்து தர முடியும்."

"ஒண்ணுமில்ல டாக்டர். கொசு கடிச்ச மாதிரி."

கால்மாட்டுல பொண்டாட்டி ஞானபாக்கியம் கஞ்சித் தூக்கோட நிப்பா. "அவுக எதுக்கும் அசரமாட்டாக டாக்டர்"னு சிரிப்பா. சிஸ்டர் 'வலி இல்லை'ன்னு எழுதுவா. பழைய மாத்திரையே ஓடும்.

"கொசு கடிச்ச மாதிரி"ன்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசிக் காட்டுவேன். வார்டே சிரிக்கும். செபாஸ்டினும் சிரிப்பாரு.

கயிறு வந்த அன்னைக்கு, டாக்டர் தலையக் கண்டதும் ஞானபாக்கியம் தூக்குக் கழுவக் கெளம்பிட்டா.

டாக்டர் செபாஸ்டினப் புரட்டிப் பாத்தாரு. மூஞ்சியில அதே சிரிப்பு. ஆனா கயிறு வெடுக்கு வெடுக்குன்னு இழுபட்டுச்சு.

"இது என்னய்யா?" டாக்டர் கயித்தப் பிடிச்சாரு.

"அத்தான் முத்துக் குளிச்ச காலத்துலேருந்து கயிறு என் கையிலதான் டாக்டர்"ன்னான் ரொசாரி. "பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் பிடிக்கணும். அக்கா தாலிய நெனச்சாவது கண்ணசர மாட்டான்ல. தண்ணிக்குள்ள வாய் தொறக்க முடியுமா? ஒரு இழுப்புன்னா நல்லா இருக்கேன். ரெண்டுன்னா மூச்சு முட்டுது. விடாம இழுத்தா, தூக்கிரு."

"காலையிலேருந்து?"

"படுத்திருக்கும்போது ரெண்டு ரெண்டா வருது. புரட்டுனா விடாம இழுக்காரு. நாலு தடவ ஆச்சு."

டாக்டர் பேனாவ எடுத்தாரு. "படுத்திருந்தா நடுத்தரம். அசைஞ்சா கடுமை. எலும்பு வலி. சிஸ்டர், மாத்திரை போதாது. நாலு மணி நேரத்துக்கொருக்க ஊசி. புரட்டுறதுக்கு முன்னாலயே போட்டுரணும்."

அப்புறம் செபாஸ்டினப் பாத்தாரு. "இத வாயால சொன்னா என்னய்யா?"

"தெனமும் அவ கால்மாட்டுல நிக்காளே டாக்டர். இருவது வருசம் நான் முங்குனப்பல்லாம் கரையில உசுரப் பிடிச்சுக்கிட்டு நின்னவ. சிரிக்காம நான் கரையேறுனதே இல்ல. அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

மறுநாளேருந்து சிஸ்டர் நோட்டுல 'இழுப்பு'ன்னு தனிக் கட்டம். ரொசாரி சாப்பிடப் போனா கயித்த அவளே பிடிச்சுக்கிட்டா.

"ஏன் சிஸ்டர், எப்ப மச்சினன் ஆனீக?"ன்னேன். மொறைச்சா. கயித்த விடல.

நாலு நாள்ல செபாஸ்டின் பகல்லயே கொறட்ட விட்டுத் தூங்குனாரு. பக்கத்துல ஞானபாக்கியம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏக்கா, உங்க வீட்டுக்காரருக்குக் கொசுகூடக் கடிக்கல போலருக்கே."

அவ புருசன் தூங்குதாரான்னு ஒருக்காப் பாத்தா. சிரிச்சா. அப்புறம் மெதுவாச் சொன்னா.

"அந்தக் கயித்தப் பெட்டியிலேருந்து எடுத்துத் தம்பி கையில குடுத்ததே நாந்தான் அண்ணாச்சி. டாக்டர் வரும்போது கழுவுன தூக்கையே கழுவப் போறதும் அதுக்குத்தான். அவுகளுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."